பத்திரத்துக்குள் இருக்கும் 'நான்' யார்?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே மிஷேல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுத் தத்துவவாதியின் பெயரைப் போகிறபோக்கில் சொல்லி, அவர் 'கூற்று' என்று எதைச் சொன்னார் என்பது வேறு கதை என்று முடித்திருந்தேன். அந்த வேறு கதையைக் கேட்டு இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழுவும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஆகவே அல்வா, சினிமா, தேர்தல் பற்றிய கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கல்லூரி மாணவி, தென்காசி: அண்ணாச்சி, கூற்று என்றால் வாக்கியம்தானே? அதற்கு எதற்குத் தனியாக ஒரு பெயர்? வகுப்பில் எத்தனை தடவை கேட்டும் பிடிபடவில்லை.

வாக்கியம் இல்லை, தாயி. வாக்கியம் இலக்கணக்காரர் சொத்து. மெய்யா பொய்யா என்று உரசிப் பார்க்கிற கருத்துரை, தர்க்கக்காரர் சொத்து. 'வாக்குக் கொடுக்கிறேன்', 'மன்னித்துவிடு' என்று சொன்ன மாத்திரத்திலேயே காரியம் நடந்துவிடுகிற பேச்சுச்செயல், 1955இல் ஹார்வர்டில் ஜே. எல். ஆஸ்டின் ஆற்றிய உரைகளுக்குப் பிறகு ஆங்கிலேய, அமெரிக்கத் தத்துவக்காரர் சொத்து. ஃபூக்கோ 1969இல் வெளியிட்ட 'அறிவின் தொல்லியல்' நூலில் இந்த மூன்றையும் வரிசையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, 'நான் தேடுவது இவற்றில் எதுவும் இல்லை' என்கிறார்.

அவர் காட்டும் உதாரணம் தட்டச்சுப் பொறி. பிரெஞ்சு விசைப்பலகையின் மேல்வரிசை ஏ, இஸட், ஈ, ஆர், டி என்று தொடங்கும். பொறியின் மேல் சும்மா கிடக்கும் அந்த எழுத்துகள் கூற்று அல்ல. அதே எழுத்துகளை அதே வரிசையில் ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கையேட்டில் அச்சடித்தால் அது கூற்று; பிரெஞ்சுப் பொறிகள் ஏற்றுக்கொண்ட வரிசை இது என்று அங்கே அது சொல்கிறது. ஜங்ஷன் பக்கம் டைப் இன்ஸ்டிடியூட்டில் 'ய, ள, ன, க' என்று விரல் தேய அடித்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கையேட்டின் அந்த வரியில் எழுவாய் பயனிலை இல்லை, மெய் பொய் இல்லை, யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனாலும் கூற்று இருக்கிறது.

அப்படியானால் எது அதைக் கூற்று ஆக்குகிறது? இங்கே என் தகப்பனாரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அவர் அம்பாசமுத்திரத்தில் பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு சாய்மேசை, ஒரு மைக்கூடு, காது வரைக்கும் கேட்காத குரல். நான் பாளையங்கோட்டையில் இத்தனை வருஷம் தத்துவம் சொல்லிக்கொடுத்ததில், ஃபூக்கோவைப் புரியவைக்க அவர் எழுதிய ஒரு கிரயப் பத்திரத்தைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குக் கிடைத்ததில்லை.

பத்திரம் இப்படிப் போகும்: இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார் ஆகிய தங்களுக்கு, இன்ன ஊரில் இருக்கும் இன்னார் ஆகிய நான் எழுதிக்கொடுத்த சுத்தக்கிரய சாசனம் என்னவென்றால். பிறகு, எனக்குப் பாத்தியப்பட்ட நஞ்சையைத் தங்களுக்குக் கிரயம் செய்து கிரயத்தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன் என்று வரும். இந்த 'நான்' யார்? எழுத்து அப்பாவுடையது. நிலம் அவருடையது இல்லை, பணத்தை அவர் கண்ணால்தான் பார்ப்பார். அப்படியானால் விற்கிற பெரியவரா? அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 'சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வீட்டில் பெண்டாட்டி பிள்ளையிடம் ஒருநாளும் பேசியிருக்க மாட்டார். இடது கைப் பெருவிரலை மையில் அமுக்கி வைப்பார், அவ்வளவுதான். அந்த 'நான்' என்பது எழுதிக்கொடுப்பவர் என்கிற ஓர் இடம். இன்றைக்கு அதில் இவர், நாளைக்கு வேறொருவர். ஆனால் நினைத்தவரெல்லாம் அந்த இடத்துக்கு வந்துவிட முடியாது. மைனர் வர முடியாது. சித்த சுவாதீனம் இல்லாதவர் வர முடியாது. கூற்றின் 'நான்' என்பது அதை எழுதியவனின் மனசு இல்லை, தகுதி உள்ளவர் வந்து நிரப்பக் காத்திருக்கும் இடம் என்று ஃபூக்கோ சொல்வது இதைத்தான்.

அடுத்தது சொத்து விவரம். வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு, நடைவரப்புக்கு வடக்கு என்று நான்கெல்லை போட்டு, சர்வே எண் போட்டு எழுதினால்தான் பத்திரத்துக்குப் பேச ஒரு பொருள் கிடைக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் பாயும் மண் அங்கே எப்போதிருந்தோ கிடக்கிறது. அது 'மேற்படி சொத்து' ஆவது இந்தக் கட்டத்துக்குள் வந்த பிறகுதான். மூன்றாவது, எந்தப் பத்திரமும் தன்னந்தனியாக நிற்காது. மூலப்பத்திரம், பாகப்பிரிவினை, முன்னால் எழுதின உயில், பின்னால் வரப்போகும் வில்லங்கம் என்று ஒரு கூட்டமே பக்கத்தில் நிற்கும். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். நான்காவது, காகிதம். அதே சொல்லை அதே கையெழுத்தில் பால்கணக்கு நோட்டில் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். முத்திரைத்தாள் வேண்டும், பதிவு வேண்டும். ஃபூக்கோவே உயிலை உதாரணம் காட்டுகிறார்: எழுத்துக்கு எழுத்து அப்படியே படியெடுத்தாலும் ஒரு பக்கம் உயில், மறுபக்கம் அதன் பிரதிகள்தான்.

இன்னொன்றும் உண்டு. அதைப் பெரும்பாலானோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். கூற்றுகள் அரிதானவை என்கிறார் அவர். இலக்கணப்படி சொல்லக்கூடியது கோடி இருக்கும், உண்மையில் சொல்லப்பட்டு நிலைத்தது கொஞ்சம்தான். ஏன் இது வந்தது, இதற்குப் பதில் வேறொன்று ஏன் வரவில்லை என்பதே அவர் கேள்வி. 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம் ஐந்து புத்தகம் வைக்கச் சொல்கிறது. முதற் புத்தகம் அசையாச் சொத்துப் பத்திரங்களுக்கு. இரண்டாம் புத்தகம் எதற்குத் தெரியுமா? பதிய மறுத்த பத்திரங்களுக்கு, மறுத்த காரணத்தை எழுதி வைப்பதற்கு. ஃபூக்கோ அந்தச் சட்டத்தைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயம் கூடுதலாக எழுதியிருப்பார்.

வியாபாரி, திசையன்விளை: ஒரே வாக்கியம் இரண்டு கூற்று ஆகும் என்கிறார்களே, அதெப்படி?

உங்கள் பக்கத்து ஊர் இடையன்குடியில் இருந்தே பதில் சொல்கிறேன். 'தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல. அவை தனிக் குடும்பம்.' இதை யார் சொன்னது என்றால் எல்லாரும் அந்த இடையன்குடியில் இருந்த பாதிரியார் கால்டுவெல் என்பார்கள். அவருடைய ஒப்பிலக்கணம் 1856. அதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1816இல், சென்னையில் எல்லிஸ் என்கிற கலெக்டர் இதே கருத்தைச் சான்றுகளோடு எழுதிவிட்டார், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு குறிப்பாக.

சரி, யார் முதல் என்று வழக்காடுவது ஒரு வகை. ஃபூக்கோ அந்த வழக்கில் இறங்க மாட்டார். எல்லிஸின் குறிப்பு இருந்த இடம் கம்பெனிச் சேவைக்கு வந்த இளம் வெள்ளைக்காரர்களுக்கு மொழி கற்பிக்கிற கல்லூரியின் உலகம். எந்த மொழியை முதலில் படித்தால் எது எளிதாகும் என்பது அங்கே நிஜமான கவலை. கால்டுவெல்லின் வரி நிற்கிற இடம், ஐரோப்பாவில் அதற்குள் தனித் துறையாக எழுந்துவிட்ட ஒப்பியல் மொழிநூல். அங்கே அதைச் சொல்லும் தகுதியும் வேறு, அதற்குப் பக்கத்தில் நிற்கிற நூல்களும் வேறு. அதே வரியை இருபதாம் நூற்றாண்டில் ஒரு மேடையில் சொன்னபோது அது மூன்றாவது கூற்று. சொல் ஒன்றுதான். 'கனவு ஆசையை நிறைவேற்றுகிறது' என்பது பல நூற்றாண்டாகச் சொல்லப்படுகிறது, ஆனால் பிளேட்டோவில் இருப்பதும் ஃபிராய்டில் இருப்பதும் ஒரே கூற்று அல்ல என்று ஃபூக்கோ எழுதியதும் இதே கணக்குதான்.

கோயில் சுவர்க் கல்வெட்டுகளில் 'சந்திராதித்தவல்' என்று வருவதையும், பத்திரத்தில் 'சூரிய சந்திரர் உள்ளவரை' என்று அப்பா எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் நிலம் சாமிக்குப் போகிறது. மற்றதில் கடன் கொடுத்தவருக்குப் போகிறது.

ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ., சேரன்மகாதேவி: அடங்கல், சிட்டா, இவையெல்லாம் கூற்றில் சேருமா? நாங்கள் எழுதியது ஒரு வாக்கியம்கூடக் கிடையாதே, எல்லாம் கட்டம்தானே?

கட்டாயம் சேரும் அய்யா. செடிகொடிகளின் வகைப்பாட்டு அட்டவணை, வம்ச மரம், கணக்குப் பேரேடு எல்லாம் அவர் பட்டியலிலேயே இருக்கின்றன. நீங்கள் அடங்கலில் 'புறம்போக்கு' என்று எழுதிய ஒரு கட்டம் எத்தனை குடும்பத்தின் கதையை மாற்றியிருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

ஆனால் இதன் கொடூரமான பக்கத்தையும் சொல்ல வேண்டும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நம் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே சந்தேகத்துக்குரியவன், பெயர் பதிவேட்டில் ஏறும், கைரேகை எடுப்பார்கள், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். 1920 ஏப்ரலில் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இங்கே கவனிக்க வேண்டியது: 'பிறவிக் குற்றவாளி' என்று ஒரு ஆள் ஏற்கெனவே ஊரில் இருந்து, அவரைப் பதிவேடு வர்ணித்தது என்பது இல்லை. பதிவேடு வந்த பிறகுதான் அப்படி ஒரு ஆள் வகையே உண்டானது. வருகைக்கு ஒரு கட்டம், தப்பிப் போனதற்கு ஒரு கட்டம், தண்டனைக்கு ஒரு கட்டம். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிந்தது. பதிவேட்டில் ஏறிய பெயர் ஊர் வாயிலிருந்து இறங்க அதற்கப்புறமும் எத்தனை காலம் ஆயிற்று என்று நம் பக்கத்துப் பெரியவர்களைக் கேளுங்கள்.

தமிழாசிரியர், சங்கரன்கோவில்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டதே! பிரெஞ்சுக்காரர் புதிதாக என்ன சொல்லிவிட்டார்?

எதிர்பார்த்த கேள்வி. பாதி சரி என்பதால் மரியாதையோடு பதில் சொல்கிறேன். அகப்பாட்டில் பேசுகிறவர் கவிஞர் இல்லை. தலைவி என்கிற இடத்தில் நின்று ஒரு குரல் பேசுகிறது. 'சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்' என்று பெயரையே தடுத்துவிடுகிறது அகத்திணையியல். யார் எப்போது பேசலாம், யாரிடம் பேசலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. பேசும் இடம் முதலில், ஆள் பிறகு என்கிற அளவில் ஃபூக்கோவுக்கு இதைவிட நல்ல உதாரணம் பாரிஸ் நூலகத்தில் கிடைத்திருக்காது.

ஆனால் தொல்காப்பியர் விதி சொல்கிறார். இப்படிப் பாடு என்கிறார். ஃபூக்கோ விதி சொல்லவில்லை. யாரும் எழுதி வைக்காத, பேசுகிறவர்களுக்கே தெரியாத விதிகளை, பேசி முடிந்த பேச்சுகளிலிருந்து பின்னோக்கித் தோண்டுகிறார். மருத்துவமனையிலும் இயற்கை வரலாற்றிலும் பொருளாதாரத்திலும் தோண்டுகிறார். இரண்டு பேருக்கும் வேலை வேறு. 'எல்லாம் நம்மிடமே இருந்தது' என்று சொல்லி மூடிவிட்டால், நம் இலக்கணத்தை இந்தக் கண்ணால் திரும்பப் படிக்கிற நல்ல வாய்ப்பும் போய்விடும். தோழிக்கு இத்தனை பேச்சு இடம் கொடுத்த மரபு, அடிமைகளான அடியோர்க்கும் ஏவல் செய்யும் வினைவலர்க்கும், ஒருதலைக் காதலும் பொருந்தாக் காதலுமான கைக்கிளை பெருந்திணையின் ஓரத்தில்தான் இடம் தருகிறது. ஏன்? இதை உங்கள் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள் அய்யா.

ஆய்வு மாணவர், அபிஷேகப்பட்டி: ஃபூக்கோவுக்குப் பின் வந்தவர்கள் கூற்றை என்ன செய்தார்கள்? கருத்தரங்குகளில் 'சொல்லாடல்' என்றுதான் கேட்கிறேன், 'கூற்று' என்று யாரும் சொல்வதே இல்லை.

தம்பி, நீ கேட்டதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஊர் உலகம் பெரியதை எடுத்துக்கொண்டு சின்னதைக் கீழே போட்டுவிட்டது. கூற்றுகள் ஒரே ஒழுங்கில் சேர்ந்தால்தான் சொல்லாடல். கூற்று இல்லாமல் சொல்லாடல் பேசுவது செங்கல் இல்லாமல் வீடு பேசுவது. இன்றைக்கு எதை எடுத்தாலும் 'அது ஒரு சொல்லாடல்' என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தக் காகிதம், யார் கையெழுத்து, எந்த வருஷம், பக்கத்தில் என்ன இருந்தது என்று கேட்டால் பதில் இல்லை. 1982இல் விமர்சகர் தமிழவன் அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) என்ற மேலைச் சிந்தனை பற்றித் தமிழில் ஒரு நூலே எழுதி இந்த வாசலைத் திறந்துவிட்டார். அதற்குப் பின் சிற்றிதழ்களில் ஃபூக்கோ ஏராளமாக வந்தார். வந்தவர் பெரும்பாலும் அதிகாரத்தைப் பற்றிப் பேசும் ஃபூக்கோ. 1969இன் பொறுமைசாலி வரவே இல்லை.

இதில் அவர் பங்கும் உண்டு. 1970 டிசம்பரில் பாரிஸின் உயர்கல்வி நிறுவனமான கொலேஜ் த ஃபிரான்ஸில் பதவியேற்பு உரை ஆற்றியபோதே, பேச்சை யார் தடுக்கிறார்கள், எப்படி வடிகட்டுகிறார்கள் என்பதற்குப் போய்விட்டார். 1975இல் சிறையைப் பற்றிய நூல் வந்தபோது 'கூற்று' அவர் பக்கங்களில் அநேகமாக இல்லை. கூற்றுகளின் ஒழுங்கு எப்படி இருக்கிறது என்று 1969 நூல் அற்புதமாகக் காட்டும். அது ஏன் ஒருநாள் மாறுகிறது என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும். அந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேறத்தான் அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டார் என்பது என் எண்ணம்.

பின்னால் வந்தவர்களில் முழுசாகக் கூற்றைக் கையில் எடுத்தவர் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதி ழீல் தெலூஸ். 1970இல் எழுதிய கட்டுரையை, ஊருக்குப் புதிதாக ஓர் ஆவணக்காப்பாளர் நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று தொடங்குகிறார். அதைப் பிறகு 1986இல் ஃபூக்கோவைப் பற்றிய தன் நூலில் சேர்த்தார். நான் மேலே சொன்ன அரிதான தன்மையை முதலில் பிடித்துக்கொண்டவர் அவர்தான். அவரும் அவர் கூட்டாளி குவாத்தரியும் 1980இல் எழுதிய பெரிய நூலில் ஓர் அத்தியாயத்துக்கு '1923 நவம்பர் 20' என்று பெயர். ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு சரிந்து, பழைய மார்க் போய்ப் புது நாணயம் வந்த சமயம். ஓர் அறிவிப்பு வந்தது, பழைய நோட்டு நோட்டாக இல்லாமல் போனது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு ஜெர்மனிவரை போக வேண்டாம். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிறகு அரிசிப் பானைக்குள் இருந்த ஐந்நூறு ரூபாய்க்கு என்ன ஆயிற்று என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். காகிதத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை.

அமெரிக்காவில் கதை வேறு. கூற்று பேச்சுச்செயல் அல்ல என்று ஃபூக்கோ அடித்துச் சொல்லியிருந்தாரே, ஆஸ்டின் வழியில் வந்த தத்துவவாதி ஜான் சேர்ல் அதை மறுத்து அவருக்கு எழுதினார். 1979இல் ஃபூக்கோ பதில் கடிதத்தில், நீங்கள் சொல்வது சரி, நான் வேறு கோணத்திலிருந்து பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். ஃபூக்கோவைப் பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர்கள் ட்ரைஃபஸ், ராபினோ இருவரும் தங்கள் 1982 நூலில் இதைச் சொல்லிவிட்டு ஒரு திருத்தமும் தருகிறார்கள்: ஃபூக்கோவின் அக்கறை தெருப்பேச்சில் இல்லை, நிறுவனம் சோதித்து 'இது செல்லும்' என்று ஏற்றுக்கொண்ட கனமான பேச்சில். 'மழை வருது' என்று வாய்க்கால் கரையில் சொல்வதும், வானிலை மையம் சொல்வதும் வேறு வேறு. இந்தத் திருத்தம் எனக்குப் பிடிக்கும். ஒத்துக்கொண்ட அந்தக் கடிதமும் பிடிக்கும். தத்துவக்காரர்கள் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்கிற சாதி இல்லை.

இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சையித் 1978இல் கீழைத்தேயவியலைப் பற்றி, அதாவது கிழக்கை மேற்கத்தியர் எழுதிய விதத்தைப் பற்றி, எழுதியபோது ஃபூக்கோவிடம் பட்ட கடனை முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் ஓர் இடத்தில் முறைத்துக்கொண்டார்: தனித்தனி எழுத்தாளர்களின் முத்திரையும் முக்கியம் என்றார். இது ஃபூக்கோவுக்கு ஒவ்வாது. நான் இதில் சையித் பக்கம் பாதி. எல்லிஸ், கால்டுவெல் கதையில் இடம்தான் வித்தியாசம் என்று மேலே சொன்னேன். ஆனால் இடையன்குடித் தேரிக்காட்டில் உட்கார்ந்து, அந்த வெயிலில், அத்தனை மொழிகளின் வேர்ச்சொல்லையும் அடுக்கி வைக்க ஒரு பிடிவாதக்காரர் வேண்டும். அந்த இடத்துக்கு யார் வந்திருந்தாலும் 1856 நூல் வந்திருக்கும் என்று யாராவது சொன்னால், பைய எழுந்து போய்விடுவேன்.

கனடாத் தத்துவவாதி இயன் ஹாக்கிங் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு: வகைப்பாடுகள் மனிதர்களையே உண்டாக்குகின்றன, உண்டான மனிதர்கள் அந்த வகைப்பாட்டைத் திருப்பி மாற்றுகிறார்கள். சேரன்மகாதேவி அய்யாவுக்கு நான் சொன்ன பதிவேட்டுக் கதையின் மறுபாதி இது. பதிவேட்டில் ஏற்றப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்கள் பெயரை இப்படி எழுது என்று போராடினார்கள். நம் தென்மாவட்டத்துச் சாதிகள் பலவற்றின் இன்றைய பெயருக்குப் பின்னால் அப்படி ஒரு மனுக்கட்டு இருக்கும். ஃபூக்கோவின் 1969 நூலில் இந்தத் திருப்பி அடிக்கிற கை இல்லை.

ஜெர்மானிய ஊடக ஆய்வாளர் ஃபிரீட்ரிஷ் கிட்லர் வேறொரு ஓட்டையைக் காட்டினார். ஃபூக்கோவின் ஆவணக் கிடங்கு முழுக்க நூலகம்தான். கிராமஃபோனும் சினிமாவும் அலமாரிக்குள் நுழையும் காலத்துக்கு முன்னாலேயே அவர் ஆராய்ச்சி நின்றுவிடுகிறது என்றார். எழுத்தாக இல்லாத பதிவும் பதிவுதானே? கூற்றுக்கு ஒரு ஜடப்பொருள் வேண்டும் என்ற ஃபூக்கோவின் நான்காவது நிபந்தனையை அவரைவிட விடாப்பிடியாகப் பிடித்தவர் கிட்லர்.

நம் நாட்டில் வரலாற்றாசிரியர் ரணஜித் குகாவைச் சொல்ல வேண்டும். அவரை ஃபூக்கோவின் சீடர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் 1987இல் அவர் எழுதிய 'சந்திராவின் மரணம்' என்ற கட்டுரை, வங்காளத்தில் 1849இல் கருக்கலைப்பில் செத்துப்போன ஓர் ஏழைப்பெண்ணைப் பற்றி உறவினர் கொடுத்த சில வாக்குமூலங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியது. வாக்குமூலம் என்பது சட்டம் கேட்ட கேள்விக்குச் சட்டத்தின் மொழியில் வந்த பதில். அதற்குள் அந்தப் பெண்கள் ஒருவருக்கொருவர் துணை நின்றதை குகா எப்படிக் கண்டெடுக்கிறார் என்று படித்துப் பார். உன் ஆய்வு எதைப் பற்றியானாலும் சரி, படி. 1988இல் விமர்சகர் காயத்ரி ஸ்பிவாக் கேட்டாரே, அடித்தட்டு மக்களால் பேச முடியுமா என்று, அதையும் இதோடு வைத்துப் படித்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல சண்டை கேட்கும்.

வங்கி ஊழியர், கோவில்பட்டி: எழுத்தாளன் செத்துப்போனான் என்று சொன்னதும் இவர்தானே?

அது ரோலான் பார்த் என்கிற பிரெஞ்சு விமர்சகர். ஃபூக்கோ 1969 பிப்ரவரியில் ஆற்றிய உரையில், செத்துப்போனான் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை, 'ஆசிரியர்' என்கிற பெயர் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம் என்றார். நம் கதைக்காரர்கள் கோபப்பட ஒன்றும் இல்லை.

பொறியியல் மாணவர், வள்ளியூர்: அண்ணாச்சி, செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளுகிறதே, அதெல்லாம் கூற்றா?

வாக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. இலக்கணம் சுத்தமாக இருக்கிறது. கூற்றா என்பது வேறு கேள்வி. 2023இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கில், வழக்கறிஞர்கள் முன்தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டி மனு போட்டார்கள். எல்லாம் கணினி கட்டிச் சொன்னவை; அப்படி ஒரு வழக்கே எங்கும் நடந்ததில்லை. நீதிபதி ஐயாயிரம் டாலர் அபராதம் விதித்தார்.

அந்த வரிகள் கணினித் திரையில் இருந்தபோது தீர்ப்பு மாதிரி இருந்த வாக்கியங்கள், அவ்வளவுதான். மூலப்பத்திரம் கிடையாது, முதற் புத்தகத்தில் பதிவும் கிடையாது. ஒரு வழக்கறிஞர் கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்தில் தாக்கல் செய்ததும் கூற்றாகிவிட்டன, பொய்யான கூற்றாக. அபராதம் கணினிக்கு இல்லை, கையெழுத்துப் போட்ட இடத்துக்கு. என் தகப்பனாரும் மற்றவர்கள் 'நான்' என்று சொல்வதற்காக வாழ்நாளெல்லாம் எழுதினவர்தான். ஆனால் பத்திரத்தின் அடியில் 'எழுதியவர்' என்று தன் பெயரும் போடுவார். தகராறு வந்தால் கோர்ட்டில் போய்ச் சாட்சி சொல்ல வேண்டியவர். கணினியிடம் இப்போதைக்கு அந்தக் கடைசி வரி இல்லை. அதை யார் பெயரில் எழுதப் போகிறார்கள் என்பதை உன் தலைமுறை பார்த்துக்கொள்ளும்.

இல்லத்தரசி, பாபநாசம்: தத்துவம் படித்ததில்லை, ஆனால் ஆசையாக இருக்கிறது. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

'அறிவின் தொல்லியல்' நூலில் தொடங்காதீர்கள் அம்மா, இரண்டாம் நாளே தலையணைக்கு அடியில் போய்விடும். படித்தே தீருவேன் என்றால் 1972இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் மூன்றாம் பகுதியை மட்டும் படியுங்கள். கூற்று பற்றியது முழுக்க அங்கே இருக்கிறது.

அதைவிட, 1977இல் அவர் எழுதிய 'இழிபுகழ் மனிதர்களின் வாழ்க்கை' என்ற சின்னக் கட்டுரையில் தொடங்குங்கள். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில், கட்டுக்கடங்காத புருஷனையோ மகனையோ அடைத்து வையுங்கள் என்று ஜனங்கள் ராஜாவுக்கே மனுப் போடுவார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குத் தெருவோர எழுத்தர்கள் எழுதிக் கொடுப்பார்கள். குடிகாரப் புருஷனைப் பற்றிய புகார் மகாராஜாவின் பாதாரவிந்தத்தில் விழுந்து புலம்புகிற நடையில் இருக்கும். கலெக்டருக்கு நாம் எழுதும் 'சமூகத்துக்குப் பணிவுடன்' நினைவுக்கு வரும். 1707இல் ஷாரன்டன் மருத்துவமனைப் பதிவேட்டில் ஏறிய ஒரு மனிதரைப் பற்றிய சில வரிகள் அந்தக் கட்டுரையில் உண்டு: குடும்பத்திடமிருந்து ஒளிந்துகொண்டது, நாட்டுப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்தது, வழக்குப் போட்டது, வட்டிக்கு விட்டது, தன்னால் பெரிய பதவிகள் வகிக்க முடியும் என்று நம்பியது. இதெல்லாம் அவருடைய பைத்தியத்துக்கு அடையாளமாம். இந்தக் கணக்குப்படி நம் ஊரில் பாதிப் பேரை உள்ளே போட வேண்டியிருக்கும்.

புத்தகம் மட்டும் என்னிடம் கடனாகக் கேட்காதீர்கள். கடைசியாக வாங்கிப் போனவரும் உங்கள் ஊர்க்காரர்தான்.